பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே வரியில் வேண்டாம்

வாசகர் கேள்வி – பதில்

கணினி வேலை, ஆராய்ச்சி, அரசு ஆவணம், பணப் பரிமாற்றம் என்று பல பக்கங்களிலிருந்தும் திருநங்கை, திருநம்பி வாசகர்களின் கேள்விகள் வந்துள்ளன. கேட்டவர்களின் பெயர் எதையும் போடவில்லை, ஊர் மட்டும் தருகிறோம். பதில்களுக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பழைய பெயர் எங்கோ ஒரு மூலையில் தனியாகக் கிடந்தால் அதனால் பெரிய கெடுதல் இல்லை. பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஒரு வரி இருக்கிறதே, அதுதான் ஆபத்து. வீடு வாடகைக்கு விடுபவர், வேலைக்கு எடுப்பவர், விடாமல் தொல்லை தரும் உறவினர் என யார் தேடினாலும் அவர்களுக்குத் தேவைப்படுவது அந்த ஒரு வரிதான். திருத்துகிற அவசரத்தில் பல நேரம் நாமே அதை எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

கோவை வாசகி: மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் திருநங்கை நான். கிட்ஹப் கணக்கில் பெயரை மாற்றிவிட்டேன். ஆனாலும் என் பழைய நிரல்களை யாராவது இறக்கிப் பார்த்தால் பழைய பெயர்தான் வருகிறது. ஏன் இப்படி?

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கருவி கிட், அந்த வரலாற்றை இணையத்தில் வைக்கும் தளம் கிட்ஹப். கிட்ஹப் கணக்கு வேறு, கிட் வரலாறு வேறு. நீங்கள் ஒவ்வொரு கமிட் (ஒரு மாற்றத்தின் பதிவு) போடும்போதும், அன்றைக்கு உங்கள் கணினியில் இருந்த பெயரும் மின்னஞ்சலும் அந்தக் கமிட்டுக்குள்ளேயே எழுதப்படுகின்றன. அதிலுள்ள எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் கமிட்டுக்கு 40 எழுத்து அடையாள எண் கிடைக்கிறது. அடுத்த கமிட் இந்த எண்ணைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது, அதற்கடுத்தது அதன் எண்ணை. எங்கோ நடுவில் ஒரு பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் எண் மாறும், அதற்குப் பின்னால் வந்த அத்தனை எண்களும் மாறும். நிரலை யாரும் கள்ளத்தனமாகத் திருத்தக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு இது. நல்ல பூட்டுதான். ஆனால் ஆளின் பெயரையும் சேர்த்துப் பூட்டி வைத்தது வடிவமைப்பில் நேர்ந்த பிழை என்றே நினைக்கிறோம்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. எளிதானதிலிருந்து தொடங்குவோம்.

முதலாவது, பழைய கமிட்களில் இருக்கும் மின்னஞ்சலை உங்கள் கிட்ஹப் கணக்கிலிருந்து நீக்காமல் வைத்திருப்பது. கமிட் யாருடையது என்பதைக் கிட்ஹப் மின்னஞ்சலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. அந்த முகவரி உங்கள் கணக்கோடு இணைந்திருந்தால் தளத்தில் இப்போதைய பயனர் பெயர் தெரியும். பலர் கோபத்தில் பழைய மின்னஞ்சலை முதலில் நீக்கிவிடுகிறார்கள். நீக்கிய நொடியே பழைய கமிட்கள் கணக்கிலிருந்து கழன்று, உள்ளே எழுதியிருக்கும் பழைய பெயரைக் காட்டத் தொடங்கும். ஆனால் இந்த வழி தளத்தின் பக்கங்களோடு சரி, நிரலை இறக்குபவரின் கணினியில் பழைய பெயர் தெரியத்தான் செய்யும்.

இரண்டாவது, மெயில்மேப். பழைய மின்னஞ்சல் வரும் இடத்தில் புதிய பெயரைக் காட்டச் சொல்லும் கோப்பு இது. நிரல் களஞ்சியத்தின் (ஒரு திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் இடம்) மேல் அடுக்கில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியுடன் மெயில்மேப் என்று ஒரு கோப்பு வைக்க வேண்டும். வரியின் அமைப்பு இது: முதலில் புதிய பெயர், பிறகு கோண அடைப்புக்குள் புதிய மின்னஞ்சல், அதன்பின் இன்னொரு கோண அடைப்புக்குள் பழைய மின்னஞ்சல். பழைய பெயரை எழுதவே தேவையில்லை. எழுத இடம் உண்டு என்பதற்காக எழுதிவிடாதீர்கள்! கமிட் எண் எதுவும் மாறாது. 2019-ல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து, வரலாற்றைக் காட்டும் லாக் கட்டளை இந்தக் கோப்பைத் தானாகவே மதிக்கிறது. இரண்டு குறைகள் உண்டு. கிட்ஹப்பின் இணையப் பக்கங்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. பழைய மின்னஞ்சலிலேயே பழைய பெயர் இருந்தால், இரண்டு பெயரும் சேர்ந்த அந்த ஆபத்தான வரியை நீங்களே பொதுவில் வைத்தது போலாகும். அப்படிப்பட்ட மின்னஞ்சல் என்றால் பொதுத் திட்டங்களில் இந்த வழி வேண்டாம். அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் களஞ்சியம் என்றால் யோசிக்கலாம்.

மூன்றாவது, வரலாற்றையே திருப்பி எழுதுவது. கிட் ஃபில்டர் ரெப்போ என்ற கருவி இதற்கு உண்டு. இதற்கும் மெயில்மேப் அமைப்பிலான கோப்புதான் கொடுக்க வேண்டும், ஆனால் அதைக் களஞ்சியத்துக்குள் வைக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். புதிதாக இறக்கிய நகலில்தான் செய்ய வேண்டும். செய்து முடித்தால் எல்லா எண்களும் மாறும், டிஜிட்டல் கையொப்பங்கள் போய்விடும், கூட வேலை செய்பவர்கள் அனைவரும் நிரலை மறுபடி இறக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பழைய நகலிலிருந்து திரும்ப ஏற்றினால் போதும், பழைய வரலாறு மொத்தமும் உள்ளே வந்துவிடும். ஆகவே முதலில் எல்லோரும் கையில் இருப்பதை ஏற்றி முடிக்க ஒரு நாள் குறியுங்கள். மறுநாள் திருத்துங்கள். பிறர் எடுத்து வைத்த ஃபோர்க்குகளும் (தனி நகல்கள்), கிட்ஹப்பில் ஏற்கெனவே மூடப்பட்ட புல் ரிக்வெஸ்ட்டுகளும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்ட விண்ணப்பங்கள்) இதனால் மாறாது. பின்னதற்குக் கிட்ஹப் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும். தனி ஆள் திட்டத்துக்கு இது ஏற்றது. நூறு பேர் பங்களிக்கும் திட்டத்தில் பொறுப்பாளர்கள் சம்மதிப்பது கடினம்.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு பள்ளம். கிட் ஒவ்வொரு கமிட்டிலும் இரண்டு பெயர்களை வைக்கிறது. எழுதியவர் ஒருவர், பதிவு செய்தவர் ஒருவர். சாதாரணமாக இரண்டும் ஒரே ஆள் என்பதால் கவனிக்க மாட்டோம். கணினியில் பெயரை மாற்றிவிட்டு, பழைய கிளை (தனியாகப் பிரித்து வைத்த வேலை) ஒன்றை ரீபேஸ் செய்து, அதாவது அதன் கமிட்களை வேறோர் இடத்தின் மேல் மறுபடி அடுக்கிப் பாருங்கள். எழுதியவர் இடத்தில் பழைய பெயர் அப்படியே நிற்கும், பதிவு செய்தவர் இடத்தில் புதிய பெயர் ஏறும். ஒரே கமிட்டில் இரண்டும்! எனவே பெயரை மாற்றும் முன் நிலுவையில் உள்ள கிளைகளை இணைத்து முடியுங்கள், அல்லது ரீபேஸ் செய்யும்போது எழுதியவரையும் மீட்டமைக்கச் சொல்லுங்கள். கணினி முழுவதற்குமான அமைப்பில் பெயரை மாற்றினாலும், ஏதாவது ஒரு களஞ்சியத்தின் தனி அமைப்பில் பழைய பெயர் எழுதியிருந்தால் அதுதான் செல்லுபடியாகும் என்பதையும் மறக்க வேண்டாம். கமிட் செய்தியின் கடைசியில் ‘சைன்ட் ஆஃப் பை’ (ஒப்பமிட்டவர்) என்று பெயரோடு வரும் வரியை மெயில்மேப் தொடவே தொடாது.

கடைசியாக ஒன்று. நீங்கள் விட்டுவிட்ட பழைய பயனர் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியும். அது உங்களுக்குக் கவலை என்றால், அந்தப் பெயரில் ஒரு வெற்றுக் கணக்கு வைத்துக்கொள்ளலாமா என்று உதவிப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள், இலவசக் கணக்குகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு.

மதுரை வாசகி: அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு கொடுத்தால் அது இணையத்தில் எப்போதும் கிடக்குமா?

கிடக்கும். அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றங்கள் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் வருகின்றன. அச்சான இதழ் பிடிஎஃப் கோப்பாகத் துறையின் தளத்திலும் ஏறுகிறது. அறிவிப்பின் வார்ப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘இன்னாரின் மகனாகிய இன்ன பெயருடைய நான், இன்ன தேதியில் பிறந்தவன் (சொந்த மாவட்டம்: மதுரை), இன்ன முகவரியில் வசிப்பவன், இனி இன்ன பெயரால் அழைக்கப்படுவேன்.’ பழைய பெயர், புதிய பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி நான்கும் ஒரே வாக்கியத்தில். நாம் பயப்படும் அந்த வரிக்கு இதைவிட முழுமையான உதாரணம் கிடையாது.

ஆனாலும் இதைத் தவிர்ப்பது எளிதல்ல. வங்கிகளுக்கான ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) விதி, ஆவணம் பெற்ற பிறகு பெயர் மாறியிருந்தால் மாநில அரசின் திருமணச் சான்றோ அரசிதழ் அறிவிப்போ வேண்டும் என்கிறது. ஆதாருக்கு இன்னொரு கதவு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அடையாளச் சான்றும் அட்டையும் ஆதார் ஆணையம் ஏற்கும் ஆவணங்களின் பட்டியலில் உள்ளன. சான்று கையில் இருந்தால் அங்கே தொடங்குங்கள். எந்த எந்த அலுவலகம் அரசிதழ் இல்லாமல் விடாது என்று எழுதி வைத்துக்கொண்டு, பிறகு முடிவெடுங்கள்.

கொடுப்பதாக முடிவு செய்தால் முகவரியில் கவனம் வேண்டும். அச்சாகும் முகவரி உங்கள் முகவரிச் சான்றோடு ஒத்துப்போக வேண்டும், அதே சமயம் அது ஊருக்கே தெரியப் போகிறது. வீடு மாறப் போகிறீர்கள் என்றால், மாறும் முன் அறிவிப்பைக் கொடுத்துவிடுவது நல்லது. புதிய பெயரின் ஆங்கில எழுத்துகளை ஒன்றுக்கு நான்கு முறை சரிபாருங்கள். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா, புள்ளி உண்டா, இடைவெளி உண்டா என்பதை இப்போதே தீர்மானியுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பாலினத்தை ஒரு முறைதான். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த இரண்டாவது வாய்ப்பைச் செலவழிக்கும் நிலை வரக் கூடாது. பான் அட்டையில் பெயர் வேறாக இருந்தால் ஆதாருடன் இணைப்பது தடைபடலாம்.

வங்கி, பான், கல்விச் சான்று இவை முடிந்ததும் அந்த அரசிதழ் நகலை உள்ளே வைத்துவிடுங்கள். சிம் கார்டு, வாடகை ஒப்பந்தம், வேலை விண்ணப்பம் எதற்கும் அதைத் தர வேண்டியதில்லை. புதிய ஆதாரே போதும்.

சென்னை வாசகர்: திருநம்பியான நான் முனைவர் பட்டம் முடித்து ஆறு ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறேன். புதிய பெயரைச் சொன்னால் கட்டுரை போகிறது, கட்டுரையைச் சொன்னால் ரகசியம் போகிறது. வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்வரை இல்லை. கணினித் துறையின் ஏசிஎம் சங்கம் 2019-ல் பெயர் மாற்றக் கொள்கையைக் கொண்டுவந்தது. 2021 ஜூலையில் அமெரிக்காவின் 17 தேசிய ஆய்வகங்களும் பெரிய பதிப்பகங்களும் சேர்ந்து, வெளியான கட்டுரைகளில் பெயரைத் திருத்த உதவுவதாக அறிவித்தன. இன்று எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி போன்றவற்றில் இதற்கென்றே விண்ணப்ப வழி உண்டு. பெரும்பாலும் சட்ட ஆவணம் கேட்பதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, ‘திருத்தம்’ என்று தனி அறிவிப்பு போடாமல் சத்தமில்லாமல் மாற்றித் தருகிறார்கள். முன்பெல்லாம் திருத்த அறிவிப்பில் ‘முன்பு இன்ன பெயரில் அறியப்பட்டவர்’ என்று எழுதுவார்கள், தன்னையே ஊருக்கு அறிவித்தது போலாகிவிடும். விண்ணப்பிக்கும்போது மூன்றைத் தெளிவாக எழுதுங்கள்: திருத்த அறிவிப்பு வேண்டாம், உடன் எழுதியவர்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டாம் (அல்லது நானே சொல்லிக்கொள்கிறேன்), டிஓஐ எண் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) மாறக் கூடாது.

முதல் வேலையாக ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்) ஒன்று எடுங்கள். 16 இலக்கம், நான்கு நான்காகப் பிரித்து எழுதப்படும், இலவசம். பெயர் எத்தனை முறை மாறினாலும் எண் மாறாது. ஆனால் அதில் ‘வேறு பெயர்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. கட்டுரைகளைச் சேர்த்துக்காட்ட உதவும் என்று பலர் பழைய பெயரை அங்கே போட்டுவிடுகிறார்கள், எல்லோரும் பார்க்கும்படி. காலியாக விடுங்கள், அல்லது ‘நான் மட்டும்’ என்ற அமைப்பில் வையுங்கள்.

பதிப்பகம் ‘மாற்றிவிட்டோம்’ என்று பதில் போட்டதும் நம்பிவிட வேண்டாம். இணையப் பக்கத்தில் பெயர் மாறியிருக்கும், பிடிஎஃப் பழையதாகவே கிடக்கும். பிடிஎஃபிலும் முதல் பக்கத்தை மாற்றிவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஓடும் சிறிய எழுத்தை விட்டுவிடுவார்கள். தொடர்பு மின்னஞ்சல், ‘மேற்கோள் காட்டும் முறை’ என்ற பெட்டி, காப்புரிமை வரி, ‘ஆசிரியர் பங்களிப்பு’ பகுதியில் இனிஷியல்கள், வாழ்க்கைக் குறிப்பில் ‘அவள்’ என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல், கோப்பின் பண்புகளில் மறைந்திருக்கும் ஆசிரியர் பெயர், இணைப்புக் கோப்புகள் ஆகிய ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். மேற்கோளை இறக்கும் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள், அது பல இடங்களில் வேறொரு தரவிலிருந்து பெயரை எடுக்கிறது. டிஓஐ தரவைத் தாங்கும் கிராஸ்ரெஃபுக்குப் பதிப்பகம்தான் புதிய விவரத்தை மீண்டும் அனுப்ப வேண்டும். அனுப்பியதா என்று கேளுங்கள், ஏனென்றால் மற்றத் தேடல் தளங்கள் பலவும் அங்கிருந்துதான் எடுக்கின்றன.

இதழில் வரும் முன்பே ஆர்கைவ் தளத்தில் ஏற்றிய முன்பதிப்புகள் இருந்தால், நீங்களே புதிய பதிப்பை ஏற்றாதீர்கள். முதல் பதிப்பு பழைய பெயருடன் அப்படியே நிற்கும், இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும். நிர்வாகிகளுக்குத்தான் எழுத வேண்டும். கூகுள் ஸ்காலரில் உங்கள் பக்கத்தின் பெயரை மாற்றினால் அந்தப் பக்கம் மட்டும்தான் மாறும். கட்டுரைகளின் பட்டியல், அவர்கள் பதிப்பகப் பக்கத்தை மறுபடி வாசிக்கும்போதுதான் திருந்தும். அதற்குப் பல மாதங்கள், சில நேரம் ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை புதிய பெயரில் பொதுப் பக்கம் திறக்காமல் இருப்பது பாதுகாப்பு. பிறர் தங்கள் கட்டுரைகளில் உங்களைக் குறிப்பிட்ட இடங்கள் அப்படியே இருக்கும். நெருங்கியவர்களுக்குச் சொல்லி, இனிமேல் எழுதுவதிலாவது சரியான பெயரைப் போடச் சொல்லலாம்.

திருநெல்வேலி வாசகி: டிஜிலாக்கரில் என் பட்டச் சான்று பழைய பெயரில் வருகிறது. அங்கே எப்படி மாற்றுவது?

அங்கே மாற்ற முடியாது. டிஜிலாக்கர் ஓர் அலமாரி, சான்றை வைப்பது பல்கலைக்கழகம். பல்கலைக்கழகமோ பத்தாம் வகுப்புச் சான்றில் என்ன பெயர் என்று கேட்கும். ஆகவே பள்ளிச் சான்று, பல்கலைக்கழகச் சான்று என்ற வரிசையில் போங்கள். பல்கலைக்கழகம் தன் தரவை மாற்றி ஏற்றியதும், டிஜிலாக்கரில் பழையதை நீக்கிவிட்டு மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்ட ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா களஞ்சியத்தில் இருந்தால் அதையும் பல்கலைக்கழகம் மூலமாகவே கேளுங்கள். முகப்புப் பக்கம் மட்டும் போதாது, வழிகாட்டியின் சான்றிதழ், உறுதிமொழிப் பக்கம் இரண்டிலும் பெயர் இருக்கும்.

சேலம் வாசகி: பூ வியாபாரம் செய்கிறேன். ஜிபேயில் என் பெயரை மாற்றி வைத்தும், பணம் போடுகிறவர்களுக்குப் பழைய ஆண் பெயர்தான் காட்டுகிறது. கேலி பேசுகிறார்கள். என்ன செய்வது?

செயலியில் நீங்கள் எழுதும் பெயருக்கு இப்போது மதிப்பில்லை. 2025 ஜூன் 30-லிருந்து, பணம் பெறுபவரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயரைத்தான் யூபிஐ செயலிகள் காட்ட வேண்டும் என்பது, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் விதி. மோசடியைத் தடுக்கக் கொண்டுவந்தது. உங்களைப் போன்றவர்களுக்கு அது இப்படி வந்து விடிந்திருக்கிறது. வங்கிக் கிளைக்கு நேரில் போய் கேஒய்சி புதுப்பிப்புப் படிவத்துடன் புதிய ஆதார், அரசிதழ் நகல் கொடுங்கள். கணக்கு எண் மாறாது. பாஸ்புக்கில் புதிய பெயர் அச்சாகி வந்ததும், செயலியிலிருந்து வங்கிக் கணக்கை எடுத்துவிட்டு மறுபடி இணையுங்கள். யூபிஐ முகவரியிலேயே பழைய பெயர் இருந்தால் புதிதாக ஒன்று உருவாக்கி, பழையதை நீக்கி, கடையில் ஒட்டிய க்யூஆர் அட்டையையும் மாற்றிவிடுங்கள். அட்டையை மட்டும் மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

அழைக்கும்போது பழைய பெயர் தெரிந்தால் அது ட்ரூகாலர். மற்றவர்கள் போனில் சேமித்த பெயர்களிலிருந்து வருவது. உங்கள் எண்ணால் உள்ளே போய்ப் பெயரைப் பதியுங்கள், அல்லது பட்டியலிலிருந்து எண்ணை நீக்கக் கேளுங்கள்.

யாழ்ப்பாண வாசகர்: சிறிய இணைய இதழ் நடத்துகிறோம். முன்பு எங்களிடம் எழுதிய ஒருவர் இப்போது திருநங்கை. பழைய கட்டுரைகளில் பெயரை மாற்றித் தரச் சொல்கிறார். மாற்றினால் வரலாற்றைத் திருத்துவது ஆகாதா?

ஆகாது. கட்டுரையில் சொன்ன செய்தி மாறவில்லை, எழுதிய ஆளும் மாறவில்லை. தாராளமாக மாற்றுங்கள், ‘பெயர் திருத்தப்பட்டது’ என்ற குறிப்பு போடாமல். ஆசிரியர் பக்கத்தின் இணைய முகவரியில் பழைய பெயர் இருக்கும். அதை மாற்றிவிட்டுப் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாகத் திருப்பிவிடாதீர்கள். திருப்பிவிட்டால் பழைய பெயரைத் தேடி வருபவரைக் கையைப் பிடித்துப் புதிய பெயரிடம் கொண்டுவந்து நிறுத்தியது போலாகும். பழைய முகவரி வெறுமனே ‘பக்கம் இல்லை’ என்று சொன்னால் போதும். கட்டுரை முகவரிகளை மாற்ற வேண்டாம். படங்களின் கோப்புப் பெயர், பின்னூட்டங்களில் வாசகர்கள் அழைத்த பெயர், செய்தியோடை ஆகியவற்றையும் பாருங்கள்.

அதன்பின் கூகுளின் ‘காலாவதியான உள்ளடக்கம்’ கருவியில் அந்தப் பக்கங்களைக் கொடுங்கள். மூலப் பக்கம் மாறிய பிறகுதான் அது வேலை செய்யும், முன்னால் கொடுத்தால் நிராகரிக்கும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய நகல் இருக்கும். தளத்தின் உரிமையாளர் நீங்கள் என்பதால் நீங்களே அதை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு எழுதி, குறிப்பிட்ட முகவரிகளை விலக்கச் சொல்லலாம். எழுத்தாளர் தனியாகக் கேட்பதைவிட உங்கள் கடிதத்துக்கு வலு அதிகம்.

வேலூர் வாசகர்: கல்லூரிக்கு மாணவர் பதிவு மென்பொருள் செய்கிறோம். சான்றுகளை பிளாக்செயினில் வைக்கச் சொல்கிறார்கள். பெயர் மாறும் மாணவர்களுக்கு எப்படி இடம் விடுவது?

வேலை தொடங்கும் முன்பே கேட்டீர்களே, அதற்கு நன்றி. பிளாக்செயின் என்ற பொதுச் சங்கிலியில் எழுதியதைப் பிறகு அழிக்க முடியாது, ஆகவே அதில் பெயரை எழுதவே எழுதாதீர்கள். சான்றின் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறி) மட்டும், மாணவருக்கு ஒன்று வீதம் தற்செயலாக உருவாக்கிய ரகசிய எண்ணையும் கலந்து, வையுங்கள். ரகசிய எண் கலக்காவிட்டால் பெயரையும் பிறந்த தேதியையும் ஊகித்து ஒத்துப்பார்த்துவிடுவார்கள். பெயர் மாறும்போது பழைய சான்றை ரத்து செய்து, புதியதைப் பழைய சான்றின் தேதியிலேயே வழங்கும் வசதி வேண்டும்.

தரவுத்தளத்தில் ஒவ்வொருவருக்கும் பொருளற்ற ஓர் எண். பெயர் ஒரே ஒரு அட்டவணையில். மதிப்பெண், கட்டணம், நூலகம் எல்லாம் அந்த எண்ணை மட்டுமே வைத்துக்கொண்டு, திரையில் காட்டும் நேரத்தில் பெயரைக் கேட்டு வாங்கட்டும். மின்னஞ்சல் முகவரியைப் பெயரிலிருந்து உருவாக்காமல் சேர்க்கை எண்ணிலிருந்து உருவாக்குங்கள். ஹால் டிக்கெட், ரசீது பிடிஎஃப்களைச் சேமிக்காமல் கேட்கும்போதெல்லாம் புதிதாக உருவாக்குங்கள். பழைய பெயரைச் சட்டத் தேவைக்காக வைக்க வேண்டுமென்றால் தனி அட்டவணையில், பதிவாளர் அளவில் இரண்டொருவர் மட்டும், பார்த்த நேரமும் காரணமும் பதிவாகும்படி. பொதுத் தேடலில் பழைய பெயரைத் தட்டினால் எதுவும் வரக் கூடாது.

ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். போலி மாணவர் ஒருவரை வேறெங்கும் வராத விநோதமான பெயரில் சேர்த்து, கட்டணம் கட்டவைத்து, தேர்வு எழுதவைத்து, பிறகு பெயரை மாற்றுங்கள். தரவுத்தளம், பதிவுக் கோப்புகள், அனுப்பிய மின்னஞ்சல்கள், அச்சான தாள்கள் எல்லாவற்றிலும் அந்த விநோதப் பெயரைத் தேடுங்கள். பெரும்பாலும் குறுஞ்செய்தி அனுப்பும் வெளி நிறுவனத்திடமும், வகுப்பு வருகைப் பட்டியலை எக்செல்லாக இறக்கி வைத்திருக்கும் ஆசிரியர்களின் கணினியிலும் மாட்டும்.